போனக்காட்டுச் சரிவுக்கு ஒரு கால்

காலை ஐந்தே முக்கால், போனக்காடு தேயிலை எஸ்டேட். திருவனந்தபுரம் அறுபது கிலோமீட்டர். ஜீப் கவிழ்ந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த பிறகு, எனக்கு அது அறுநூறு. இன்று செயற்கைக் கால் பொருத்துகிறார்கள். திங்கட்கிழமை அங்கன்வாடியில் போய் நிற்காவிட்டால் டீச்சர் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். துணைக்குத் தங்கை செல்வி. நகரத்துக்குப் போகிறோமே என்று, கல்யாணத்துக்கு வாங்கிய ஹீல்ஸ் செருப்பை எடுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து ஆட்டோ. ஆஸ்பத்திரியில் கால் பொருத்தும் பிரிவு மாடியில், லிஃப்ட் பழுது. அதை மாடியில் வைத்த புண்ணியவானை வாயார வாழ்த்திக்கொண்டே ஊன்றுகோலோடு ஏறினேன்.

“தினமும் போடுற செருப்பு இதானோ சேச்சி?” என்றார் மலையாளி டெக்னீஷியன், ஹீல்ஸைப் பார்த்து.

“ஆமா” என்றேன், வாய் கூசாமல். அந்த உயரத்துக்கே புதுக்காலின் பாதத்தைச் சரிசெய்தார். நடை பழகும் கம்பிகளைப் பிடித்து மிடுக்காக நடந்தேன்.

செல்விதான் கேட்டாள்: “அக்கா, அங்கன்வாடிக்குள்ள செருப்பு போட்டுட்டா போவே?”

கழற்றினேன். ஹீல்ஸ் உயரத்துக்கு வைத்த புதுக்கால் என்னைப் பின்னால் தள்ளியது. கம்பி இல்லையென்றால் மல்லாந்திருப்பேன்.

“முதல்லயே பறயண்டே சேச்சி! பரவாயில்லை, அடுத்த ஆழ்ச்ச வந்தா மதி.”

அடுத்த வாரமாம்! நகரத்துக்காரர்களுக்கு அது ஒரு ஆட்டோ தூரம். எங்கள் எஸ்டேட் தங்கராஜ் அண்ணனும் இதே ‘அடுத்த வார’த்தைக் கேட்டுத் திரும்பியவர்தான். அவருடைய செயற்கைக் கால் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. எனக்குக் கோபம் வந்தது, பாதி என்மேலேயே.

“பொய் சொன்னது நான்தான் தம்பி. ஆனா இன்னைக்கே சரியாக்கித் தரணும்.”

“ஊணு கழிச்சிட்டு வரட்டே?”

“நல்லா சாப்பிட்டுட்டு வாங்க. நான் எங்கேயும் போகலை.”

அவர் வந்து பாதத்தைத் திருத்தி முடித்தபோது மூன்று மணி. எங்கள் மலைக்கான கடைசி பஸ் போயிருக்கும். போகட்டும். வெறுங்காலோடு கம்பிகளுக்கிடையே நடந்தேன். இப்போது கால் தள்ளவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. நகரத்தில் தரையெல்லாம் மட்டம். எங்களூரில் தண்ணீர் பிடிக்கக்கூட மேடேற வேண்டும். கீழே ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் சரிவில் ஏறி இறங்கிப் பார்த்தால்தான் ஆயிற்று என்றேன். டெக்னீஷியன் இரு கைகளையும் நீட்டியபடி எனக்கு முன்னால் பின்னோக்கி நடந்தார். நான் பிடிக்கவில்லை.

“பேடி இல்லையா சேச்சி?”

“பயமா இருக்கு. நீங்க நடங்க.”

அன்றிரவு தம்பானூர் லாட்ஜில் தங்கி, மறுநாள் மலையேறினோம்.

திங்கட்கிழமை அங்கன்வாடியில் நாலு வயது ரோஸ்மேரி புதுக்காலைத் தட்டிப் பார்த்தாள்.

“டீச்சர், இது வலிக்குமா?”

“வலிக்காது.”

“அப்ப நான் இந்தப் பக்கம் உக்காந்துக்குறேன்” என்று மடியில் ஏறிக்கொண்டாள்.