லயத்து அடுப்பில் தேறிய மாக்கல்

ஃபிட்டர் சவரியப்பன் மறைந்த செய்தி கொட்டகலையிலிருந்து தபாலட்டையில் வந்தது. மழை பட்டு ‘காலமானார்’ என்ற சொல் மட்டும் கரைந்திருந்தது. அது இல்லாமலே புரிந்தது. அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் தேயிலை உலர்த்தும் உலையின் சுவர் இடிந்தது. சூடு தாங்கும் உலைச் செங்கல் கப்பலில் வர வேண்டும். பறித்த கொழுந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மாத முடிவுக்குள் உலை எரியாவிட்டால் தொழிற்சாலையை மூடி ஆட்களை அனுப்பிவிடுவதாகத் தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட டீமேக்கரின் மகளான நான் அப்போதுதான் இரசாயனப் பட்டத்துடன் திரும்பியிருந்தேன். ஆற்றோரத்தில் மூடுபனிக்குள் மாக்கல் கிடந்தது. தொட்டால் சவர்க்காரம் போல வழுக்கும். முகப்பவுடர், காகிதம், ரப்பர், மின்காப்பு, உலைச்சுவர் என்று அதன் பயன்களைப் பரீட்சையில் வரிசையாக எழுதியவள் நான். நகத்தால் கீறிப் பார்த்து, இளம்பச்சையில் மின்னிய கல்லைக் காட்டி, “இதை வைத்துக் கட்டுங்கள்” என்றேன்.

“நீங்க படிச்சது சரிங்கம்மா. இந்தக் கல்லு படிக்கலையே” என்றார் சவரியப்பன்.

ஆற்றின் வெவ்வேறு இடங்களில் வெட்டிய கற்களில் குறி கீறி, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் வீட்டுக்கொன்றாகக் கொடுத்தார். அடுப்பின் மூன்று கல்லில் ஒன்றாக அதை வைத்துச் சமைக்க வேண்டும்.

“ஏன் ஃபிட்டரண்ணே, கல்லு வெடிச்சுக் கொழம்பு கொட்டுனா ஒங்க வீட்லயா வந்து திங்கிறது?” என்றாள் கொழுந்தெடுக்கும் பேச்சியம்மா.

“வா தாயி. எங்க வீட்டுக் கொழம்பைத் தின்னா ரெண்டாம் நாளு நீயே ஓடிருவ.”

அந்த வாரத்து மாலைகள் இன்றும் கனவில் வருகின்றன. லயத்துப் புகையும் மலைப்பனியும் ஒன்றாகிவிட, வாசலுக்கு வாசல் அடுப்பு வெளிச்சம் மட்டும் மிதக்கும். அவர் ஒவ்வோர் அடுப்பின் முன்னும் குனிந்து, கல்லுக்குக் காது கொடுத்தபடி போவார்.

என் கல் மூன்றாம் நாளே பேச்சியம்மாவின் குழம்பைக் கவிழ்த்தது. “பட்டம் வாங்குன கல்லு பொசுக்குன்னு போயிருச்சு” என்று அவள் லயம் முழுக்கச் சொன்னாள். அழுக்கு என்று நான் ஒதுக்கிய சாம்பல் நிறக் கல் எந்த வீட்டிலும் விரிசல் விடவில்லை. அதைக் கொண்டு அவர் கட்டிய உலை, மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் எரிந்தது. ஒருவரும் வேலை இழக்கவில்லை.

துரை என் கையைக் குலுக்கினார். பட்டம் என்னிடம்தானே இருந்தது. சவரியப்பன் பக்கத்தில் நின்றார். நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவர், முன்பு வெடித்த என் கல்லில் ஒரு பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். “வச்சுக்கங்கம்மா. ஒங்க கல்லுதானே.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதேயில்லை.

உங்களில் பலர் அதை ‘டீமேக்கர் மகள் கட்டின உலை’ என்றே இன்னும் சொல்கிறீர்கள். அந்த உலைக்குக் கல் தேர்ந்தெடுத்தவர் சவரியப்பன். என் பங்கு என் மேசைமேல் இருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் தொட்டால் வழுக்குகிறது.