பதினான்காவது கையெழுத்து

கிள்ளானைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி உள்ளே போகும் அந்தக் கம்பத்துப் பாதைக்கு, கிராமத்துச் சந்துக்கு, பெயர்கூடக் கிடையாது. பதினான்கு வீடுகள் உண்டு, அவ்வளவுதான். மழை பெய்தால் முழங்கால் சேறு, வெயிலடித்தால் வீடெல்லாம் புழுதி. இதற்குத் தார் போடாமல் விடுவதில்லை என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியவர் ஜெய்னம்பு. வயது அறுபத்து மூன்று. வீட்டு முன்பக்கத்து அடுப்படியில் இடியாப்பம் அவித்துப் பாசார் சந்தைக்கு அனுப்புவதுதான் பிழைப்பு. கணவர் அப்துல் காதர் மவுத்தாகி ஆறு வருடமாகிறது. ஜெய்னம்புக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நகராண்மைக் கழகத்தில் ஒரு வழி சொன்னார்கள். பதினான்கு வீடுகளும் வரிக்குள் வர வேண்டும். தார் போடும் செலவில் பாதியை, வீட்டின் மதிப்புக்குத் தக்கபடி, பத்து வருடத்துக்கு வரியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு வீடு மறுத்தாலும் தார் கிடையாது.

ஜெய்னம்பு விண்ணப்பப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறினார். முதல் கையெழுத்து அவருடையது. மற்றவர்கள் ஒரு மாதிரி இழுத்தாலும், அவருடைய தொல்லை தாங்காமல் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு ஜெயராஜ் மட்டும் அசையவில்லை. போன வருடம் அவர் மனைவி குமுதா குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது, ஆம்புலன்ஸ் சேற்றுக்குள் வர முடியாமல் பாதை முனையிலேயே நின்றுவிட்டது. நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அப்படிப்பட்ட மனுஷன் மறுக்கிறாரே என்று ஜெய்னம்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கட்டின பொண்டாட்டி இடுப்பை விட ஒனக்குக் காசு பெருசாப் போச்சா?" என்று தெருவே கேட்கக் கேட்டுவிட்டார்.

ஜெயராஜ் அவரை ஒரு பார்வை பார்த்தார். பாரத்தை வாங்கி, சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து, வீடுகளை மதிப்பிட அதிகாரி பிரவின் வந்தான். ஜெய்னம்பு அவனுக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பூவும் கொடுத்து உபசரித்தார். அவன் சாப்பிட்டு முடித்து, நாடா பிடித்து, வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் பின்சுவரோரம் ஒரு சிவப்பு முளையை அடித்தான்.

"ஆன்டி, இந்த அடுப்படி முழுக்க ரோட்டு நிலத்துல இருக்கு. உடைச்சாத்தான் தார் போட முடியும் லா. லெட்டர் வரும்."

ஜெய்னம்பு சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவன் போனதுகூடத் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக அவர் நின்று சமைத்த தரை. அது போனால் பிழைப்பும் போனது.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு ஜெயராஜ் ஒரு காகிதமும் பேனாவுமாக வந்தார்.

"அக்கா, எங்களுக்கு ரோடு வேணாம். மனுவைத் திருப்பி வாங்கிக்கறோம்னு எழுதியாச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிரும்."

"ஒங்களுக்கு இது தெரியுமா?"

"காதர் பாய் இந்த அடுப்படியைக் கட்டுறப்ப செங்கல் தூக்கினதே நாங்கதானே. நோன்புக் கஞ்சிக்குப் பெரிய சட்டி வைக்க எடம் பத்தலன்னாரு. பாதைதானே, யாரு கேக்கப்போறான்னு முன்னால இழுத்துக் கட்டினோம். அடுத்த வருஷமே தார் போடறோம்னு வந்தாங்க. அளந்தா அடுப்படி போயிரும்னு எல்லாருமாச் சேர்ந்து வேணாம்னு சொல்லிட்டோம்."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

"சொன்னா மறுநாளே இடிக்கச் சொல்லிருவீங்கன்னு பாய் எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாரு." ஜெயராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் போடமாட்டேன்னு நம்பித்தான் மத்தவங்க போட்டாங்க. அன்னைக்கு நீங்க குமுதாவை இழுத்துப் பேசினதும் எனக்கு ரோஷம் வந்துருச்சுக்கா. தப்பு என்மேலதான்."

ஜெய்னம்பு திண்டாடிப் போனார். கஞ்சப் பிசினாறிகள் என்று வருடக் கணக்காக அவர் வைத ஜனங்கள் இவர்கள். சேற்றில் நடந்ததும் வழுக்கி விழுந்ததும் எல்லாம் தனக்காகவா? காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு வீடுகளின் கையெழுத்து கீழே வரிசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஜெயராஜ் வீட்டுக்காகக் கோணல்மாணலாக ஒன்று: குமுதா. இன்னும் எழுந்து நடக்காதவள், படுத்தபடியே போட்டிருக்க வேண்டும்.

ஜெய்னம்பு பேனாவை வாங்கி மூடி ஜெயராஜின் சட்டைப்பையில் செருகினார்.

"அடுப்படியை இடிச்சிருவோம் தம்பி. பொழைப்பு போனாப் போவட்டும். நான் குமுதாவைப் பேசின பேச்சை எதைக் கொண்டு இடிக்கிறது?"

ஜெய்னம்பு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, சேற்றில் இறங்கி எதிர்வீட்டை நோக்கி நடந்தார்.