அப்பா ஏறாத வள்ளம்

சிலாபத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு கடையிலிருந்து கற்பூர வாசம் வந்தது. அவ்வளவுதான், நினைவில் எங்கள் ஊர் உடப்புக் கடற்கரைக்கே போய்விட்டேன்!

அப்பா ஞானஸ்நானம் எடுத்த புதிது. கடலுக்குப் போகுமுன் வள்ளத்துக்குக் கற்பூரம் காட்ட மாட்டேன் என்றார்.

"கும்பிடாத ஆளோட கடலுக்குப் போக ஏலாது, அண்ணே. நீ கரையில நில்லு. மீனை உன்ட கர்த்தர் கொண்டுவந்து தருவாரு" என்று சிரித்தபடி, அப்பாவுக்குப் பதிலாகச் சித்தப்பா ஏறினார்.

வள்ளம் திரும்பவேயில்லை.

துக்கம் கேட்க வந்த போதகர், "கிருபைதான் உங்களைக் காத்தது" என்றார்.

"மெல்லக் கதைங்க, ஐயா" என்றார் அப்பா. "உள்ளுக்குத் தம்பிட பொஞ்சாதி இருக்கிறா."

அப்பா சபையை விடவில்லை. இன்றும் முழந்தாளில் நின்று ஜெபிக்கிறார். கர்த்தர் தங்களை உயிரோடு வைத்ததற்காக எல்லாரும் நன்றி சொல்லும்போது மட்டும் வாய் திறப்பதில்லை.