ஏழாவது தொட்டி

யாரையும் நம்பாத ஒருவரை நம்பி இத்தனை வருடமாகப் பிள்ளைகளை எப்படி ஒப்படைத்திருக்கிறார்கள்? அறிவியல் டீச்சருக்கே அந்தச் சந்தேகம் உண்டு. வகுப்பு வாசலில் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து, கழுவியதாகப் பிள்ளைகள் சத்தியம் செய்யும் பால் கவரை மூக்கருகே கொண்டுபோகிறார். "கழுவினதா? புளிச்ச வாடை அடிக்குது. யாரு காதுல பூ சுத்துற?" பின்வரிசை அவருக்கு வைத்த பெயர் மோப்பம்.

புட்டியையும் மூடியையும் ஒரே பிளாஸ்டிக் என்று யாராவது சொன்னால் இரண்டையும் நறுக்கித் தண்ணீரில் போடச் சொல்வார். மூடி மிதக்கும், புட்டித் துண்டு மூழ்கும். "தண்ணிகிட்ட கேளு. உன்னை மாதிரி அளக்காது."

அந்த வருடம் பத்து மண்தொட்டிகளில் காய்ந்த இலை, செய்தித்தாள், பருத்தித் துணி என்று பத்துப் பொருள்களைப் புதைத்தார்கள். ஏழாவதில் பால் கவர். அதன் மூலையில் நகப்பூச்சால் ஏழு என்று எழுதியிருந்தது. அறுபதாம் நாள் தோண்டினால் அதில் வெறும் மண்.

"டீச்சர், பிளாஸ்டிக் மக்கிடுச்சு!" வகுப்பு குதித்தது.

"மக்கவும் இல்ல, மாயமும் இல்ல. யாரோ கை வச்சிருக்காங்க."

கண்காட்சிக்கு என்று வைத்திருந்த சோதனை அது. தலைமையாசிரியர் கொதித்தார். "யாருன்னு நாளைக்கு எழுதிக் குடுங்க. பிள்ளைன்னா பெத்தவங்க வரட்டும். வேலையாள்னா அன்னைக்கே வேலை போச்சு."

டீச்சர் பிள்ளைகளின் பைகளைக் குடைந்தார். காவலாளியைக் குறுக்குக் கேள்வி கேட்டார். கடைசியாகத் துடைப்ப அறைக்குள் தலையை நீட்டினார். கொடியில் ஒரு கவர் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து முகர்ந்தார். துளி வாடை இல்லை. மூலையில் சிவப்பாக ஏழு.

"ஏன்க்கா, இதை யாரு தோண்டச் சொன்னாங்க?"

பள்ளி கூட்டுகிற அக்கா துடைப்பத்தைச் சாத்தினார். "தண்ணி ஊத்துறப்ப நுனி தெரிஞ்சுது. மண்ணுல பிளாஸ்டிக் கிடக்கக் கூடாது, கழுவிக் காயவைக்கணும்னு தினம் தொண்டை கிழியக் கத்துறது யாரு? ஜன்னலுக்கு வெளிய நிக்கிற எனக்கும் காது இருக்குல்ல." பிறகு குரல் இறங்கியது. "தப்பாப் போச்சா டீச்சர்?"

டீச்சர் கவரை இன்னொரு முறை முகர்ந்தார்.

மறுநாள் சோதனைப் பதிவேட்டில் ஏழாவது தொட்டிக்கு நேராக, வெளியே எடுத்தவர் யார் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா? எதுக்கு?"

"அடுத்த தடவை ஆழமாப் புதைக்கணும் சார்" என்று பேனாவை மூடினார்.