பின்சக்கரத்தில் மஞ்சள் எண்

எங்கள் வாகனச் சோதனை நிலையத்தில் சுத்தியல் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். குழியில் இறங்கி, வண்டியின் அடிப்பாகத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டியே துரு எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவர். பத்தொன்பது வருடமாக அவர் சொல்வதைக் கம்ப்யூட்டரில் தட்டிச் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுப்பது என் வேலை. அவருக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கோபப்படவும் உண்டு.

ஹைபிரிட் குடும்ப வண்டிகள் வந்த பிறகு அக்காவுக்கு வேலை கூடியது. பெட்ரோல் மிச்சம் என்று பெருமையாக ஓட்டி வருவார்கள். பேட்டரிக்குக் காற்றுப் போகும் துளையைப் பிள்ளைகளின் பிஸ்கட் தூள் அடைத்து, எச்சரிக்கை விளக்கு மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும். பேட்டரி கனத்தில் டயர் வழுக்கையாகியிருக்கும். எல்லாவற்றிலும் மோசம், பின்பிரேக் தட்டு, சக்கரத்தோடு சுற்றுகிற அந்த டிஸ்க். மெதுவாகக் கால் வைத்தால் மோட்டாரே வண்டியை அடக்கிவிடும். தட்டுக்கு வேலை குறைவு. சும்மா கிடந்து துருவேறும். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. யாராவது குறுக்கே ஓடி, ஓங்கி மிதிக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

போன மாதம் மகளின் வண்டிக்கே இந்தத் துருவுக்காக அக்கா ஃபெயில் போட்டார்.

"அம்மாவா நீ?" என்று மகள் எல்லோர் முன்னாலும் கத்தினாள்.

"அம்மாங்கறதாலதான்டி போட்டேன்."

வண்டியைத் தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். கூடப் பிறந்த ஒரே தம்பி. "அவன் கை பட்ட வண்டின்னா நான் கண்ண மூடிக்கிட்டு ஏறுவேன்" என்பார். ஆயிரம் பேரைச் சந்தேகப்பட்ட மனுஷி, அவனை மட்டும் சந்தேகப்படவில்லை.

மூன்றாம் நாள் வண்டி பளபளக்கும் தட்டுகளோடு திரும்பி வந்தது. மறுசோதனையில் தேறிய தட்டின் நடுவில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் தேதியும் அன்றைய வரிசை எண்ணும் எழுதுவது அக்காவின் பழக்கம். வேறு யாரும் இங்கே அப்படிச் செய்வதில்லை. அன்று எழுதியது 12-7. பன்னிரண்டாம் தேதி, ஏழாவது வண்டி.

நேற்றுக் காலை தம்பியே இன்னொருவரின் வண்டியை மறுசோதனைக்குக் கொண்டுவந்தான். மகளுடையதைப் போலவே அதே மாடல். அக்கா சக்கரத்தின் இடைவெளியில் டார்ச் அடித்துக் குனிந்தார். தட்டின் நடுவில் ஏற்கெனவே மஞ்சளில் 12-7.

"பன்னெண்டாம் தேதி ஏழாவது வண்டி யாரோடது? பாரு" என்றார் என்னிடம்.

தெரியாமலா கேட்டார்? நான் திரையைப் பார்த்தேன். அவர் மகளின் வண்டி. அக்கா அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

"எங்கடி இருக்க? பிள்ளைங்க ஏறியாச்சா? இறக்கு. கேள்வி கேக்காத, இறக்கு. ஸ்கூலுக்கு நடந்தே கூட்டிட்டுப் போ."

போனை வைத்தார். டீயோடு நின்றிருந்த தம்பியிடம் போனார்.

"ஒரே புதுச் செட்டைத்தான் எல்லா வண்டிக்கும் சுத்த விடுறியா?"

அவன் டம்ளரைப் பார்த்தான்.

"எத்தன வண்டிடா?"

"ஆறு. அக்கா, கத்தாத. ஹைபிரிட்ல அந்தப் பிரேக்குக்கு என்ன பெரிய வேலை? மோட்டாரே நிறுத்திடுது. பாஸ் ஆனதும் பழசையே மாட்டிடுவேன். இதுவரைக்கும் யாருக்காவது தெரிஞ்சுதா?"

"என் பொண்ணு வண்டிலயுமாடா கழட்டின? மாமா மாமான்னு உன் தோள்லயே கெடந்தவடா அவ."

அவன் முகம் இறங்கியது. இப்போதாவது வெட்கப்படுகிறான் என்று நான்கூட நினைத்தேன்.

"தப்புதான்க்கா," என்றான். "எப்பவும் தின்னர் போட்டு நம்பரத் துடைச்சிடுவேன். இந்தத் தடவ மறந்துட்டேன்."

அக்கா என் மேசைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு சான்றிதழையும் ரத்து செய்யச் சொன்னார். ஆறிலும் அவர் கையெழுத்து. பிறகு ஒர்க்‌ஷாப் மீது புகார்ப் படிவத்தைத் திறக்கச் சொன்னார். ஒர்க்‌ஷாப்காரருக்கும் சோதித்தவருக்கும் என்ன உறவு என்று அதில் ஒரு கேள்வி. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கண்ண மூடிக்கிட்டு நம்பின தம்பின்னு போடு," என்றார்.

கட்டத்தில் அவ்வளவு இடமில்லை. தம்பி என்று மட்டும் போட்டேன்.