சவர்க்காரம் பட்ட மஞ்சள்

ஓடைப் பரிசோதனை நடந்த அன்று அங்கே ஐந்து பேர் இருந்தோம். நகரசபையின் சுற்றாடல் அலுவலகத்துப் பெண் அதிகாரி, ரப்பர் சப்பாத்தோடு பின்வேலிக்கு அப்பால் ஓடைக்குள் இறங்கி நின்ற அவருடைய சக ஊழியர், பக்கத்து வளவில் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் பட்டறை வைத்திருக்கும் ஜெர்மன்காரர், எங்கள் சங்கத்தின் தலைவரான அண்ணை, நான். வேறு ஒருவரும் இல்லை. பிறகு ஆளாளுக்குத் தாங்களும் அங்கே நின்றதுபோலக் கதை சொல்லித் திரிந்தார்கள். அதனால்தான் இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஒரு தொழிற்பேட்டைக்குள் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வாடகை மண்டபம் ஒன்று இருக்கிறது. கிழமை நாட்களில் எனக்கு அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை, சனிக்கிழமைகளில் அந்த மண்டபத்தில் சமையல். பரிசோதனைக்கு மூன்று கிழமைக்கு முன் அங்கே ஒரு பிள்ளையின் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு, நடந்தது, இருநூற்றைம்பது பேர். சோறு காய்ச்சுகிற பெரிய கிடாரங்கள் குசினித் தொட்டிக்குள் அடங்காது. எப்போதும்போல முற்றத்தில் வைத்து, சலவைத்தூள் போட்டுத் தேய்த்து, தண்ணீர் அடித்துக் கானுக்குள் விட்டேன். ஒரு கிலோ மஞ்சள்தூள் பை நனைந்து வெடித்து நிலமெல்லாம் கொட்டிக் கிடந்தது. அதையும் சேர்த்து அடித்து விட்டேன். கான் என்றால் ஊத்தைத் தண்ணீர் போகிற இடம்தானே என்று இருந்துவிட்டேன். அந்தக் கான் மழைத்தண்ணீருக்கென்று கட்டியது, நேரே ஓடைக்குள் போய் விழுகிறது என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை பட்டறைக்காரர் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். ஓடை செம்மஞ்சளாக ஓடியது. நாயோடு நடக்கப் போன யாரோ எடுத்து நகரசபைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த மாதம் அவருடைய பட்டறையில் பூச நின்ற மண் அள்ளும் இயந்திரங்களும் அதே நிறம். சந்தேகம் அவர்மேல் விழுந்து, விசாரணை முடியும்வரை அவருடைய வாகனம் கழுவும் தளத்தைப் பூட்டி விட்டார்கள். கழுவாமல் பூச முடியாது, பூசாமல் காசு வராது, இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் வேலையாட்கள் இரண்டு பேரையும் நிற்பாட்ட வேண்டும் என்றார். எங்கள் விசேஷங்களுக்கு வாகனம் விடத் தன் வளவைத் திறந்து தருகிறவர் அவர்.

படத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளைச் சட்டையில் கறி பட்டு, அதற்குச் சவர்க்காரம் போட்ட எவருக்கும் அந்த நிறம் தெரியும். மஞ்சள் அப்படியே சிவந்து எழும்பும்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். அடுப்பை நிற்பாட்டினேனா என்று பாதி வழியில் பஸ்ஸால் இறங்கித் திரும்பி வருகிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் இருந்த வருடங்களில் அரசாங்கக் கடித உறை வந்தால் உடைக்காமல் இரண்டு நாள் மேசையில் வைத்திருப்பேன். குடியுரிமை எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. படத்தைப் பார்த்த அன்றிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் ஒவ்வொரு நாளும் பாலத்தில் நின்று, மீன் ஏதும் செத்து மிதக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

அண்ணையிடம் சொன்னேன். அவருக்கும் பயம்தான். அந்த மண்டபத்தை எடுக்க நாலு வருடம் அலைந்தவர். முறைப்பாடு வந்தால் வாடகை ஒப்பந்தம் முறியும், பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் நிற்கும் என்றார். எந்த அரசாங்க அலுவலகமும் எங்களுக்கு அம்ட்தான், அங்கே போக முன்கூட்டி எடுக்கிற நேரம் டெர்மின்.

"உந்த அம்டுக்கு நாங்களாப் போய்க் கழுத்தை நீட்டுறதே, தங்கச்சி? அவங்கள் கண்டுபிடிச்சால் பாப்பம்."

பரிசோதனை நாளன்று பெண் அதிகாரி பட்டறை முற்றத்துக் கானுக்குள் பச்சைச் சாயம் ஊற்றினார். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதற்கான, கேடு செய்யாத சாயமாம். கொஞ்ச நேரத்தில் ஓடைக்குள் நின்றவர் கையைத் தூக்கினார். பச்சை வந்துவிட்டது. அதற்குள் மழைத்தண்ணீரைத் தவிர எதையும் விட்டதில்லை என்று பட்டறைக்காரர் மூன்றாம் தரமும் சொன்னார். அதிகாரி நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

என் பைக்குள் ஒரு தயிர்ப் பேணியில் மஞ்சள்தூளும் இன்னொன்றில் சலவைத்தூளும் இருந்தன. சொல்ல வேண்டிய ஜெர்மன் வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். அதிகாரியிடம் நடந்தேன். அண்ணை என் பையின் வாரைப் பிடித்தார்.

"தங்கச்சி, பேசாமல் நில்லுங்கோ."

"ஏலாது அண்ணை. அந்தாள் செய்யேல்லை. நான்தான் செய்தனான்."

வார் அவருடைய கையை விட்டுப் போனது. பாடமாக்கியதில் பாதி மறந்துவிட்டது. மிச்சத்தைப் பட்டறை முற்றத்தில் கிடந்த வாளிதான் சொன்னது. தண்ணீர் பிடித்து மஞ்சளைக் கொட்டி, சலவைத்தூளைப் போட்டுக் கையால் கலக்கினேன். அதிகாரி வாளியைப் பார்த்தார், தன்னிடமிருந்த படத்தைப் பார்த்தார், திரும்பவும் வாளியைப் பார்த்தார். எங்கள் கானுக்குள்ளும் சாயம் ஊற்றச் சொன்னேன். முதல் பச்சை கழுவுப்பட்டுப் போகும்வரை காத்திருந்து ஊற்றினார். அதுவும் ஓடைக்கு வந்தது. முறைப்பாடு வந்த அன்று ஓடையில் எடுத்த மாதிரித் தண்ணீரில் சமையல் எண்ணெய் இருந்தது, வர்ணப்பூச்சு இல்லை, அது ஏன் என்றுதான் தனக்குப் பிடிபடவில்லை என்றார். கழுவும் தளத்தை அடுத்த நாளே திறக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

பட்டறைக்காரர் நன்றி சொல்லவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டார். இரண்டு கிழமை என்றேன். ஏன் இவ்வளவு நாள் என்றார். நான் வாளியைக் கானுக்குள் கவிழ்க்காமல் குசினிக்குள் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒப்பந்தம் முறியவில்லை. கடிதம்தான் வந்தது: பாத்திரம் உள்ளே கழுவ வேண்டும், எண்ணெயைத் தனியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், பரிசோதனைச் செலவு தொள்ளாயிரம் யூரோ. கூட்டத்தில் அண்ணை அதை உரத்து வாசித்துவிட்டு, "இனிச் சோறு காய்ச்சவும் அம்டிலை டெர்மின் எடுப்பம், என்ன?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாய் திறந்தவரே கட்டட்டும் என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. வாய் திறந்ததற்கு ஒரு சதமும் தரமாட்டேன், கழுவினதற்குப் பாதி தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னேன். மற்றப் பாதி சங்கத்தினது என்று அண்ணை குறித்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை, கிடாரம் அடங்கக்கூடிய பெரிய தொட்டி ஒன்றை அவரே தன் வான் வண்டியில் கொண்டுவந்து குசினிக்குள் இறக்கினார். தொட்டியின் உயரம் எனக்குச் சரிதானா என்று என்னை நிற்க வைத்துப் பார்த்தார்.

பாலத்தில் இப்போதும் நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். என் பங்கு நானூற்றைம்பது. மாதம் முப்பதாகக் கட்ட நகரசபை சம்மதித்தது. ஏழு மாதம் கட்டிவிட்டேன். இன்னும் இருநூற்று நாற்பது யூரோ.