என்னைக் காப்பாற்றிய கறுப்புக் கண்ணாடி

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் நான் சிரம்பானில் ஒரு போட்டோக் கடையில் வேலை செய்தேன். அடையாளக் கார்டுக்குப் படம் எடுக்க எஸ்டேட் எஸ்டேட்டாகப் போவேன். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கூச்ச சுபாவம் வேறு. கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டால்தான் எனக்கு நிம்மதி.

சுவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கார்டுப் படங்களைக் கொடுத்தபோது, பால்மரம் சீவும் ஒரு அக்கா தன் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"என்னா தம்பி இது, கோழி திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி இருக்கேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவரே மெல்லக் கேட்டார்: "கறுப்புக் கண்ணாடி போட்டு, கைப்பை மாட்டி, கால்மேல கால் போட்டு ஒண்ணு எடுப்பியா?"

உடனே, பிள்ளைக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவுக்குத் துரை வீட்டு அம்மாள் மாதிரி தொப்பியும் குடையும் வேண்டியிருந்தது. இன்னொருவருக்குச் சவுரி வைத்து, சரிகைப் புடவையில் ராணி மாதிரி. மூவருமே பேரன் பேத்தி எடுத்தவர்கள். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் எல்லாவற்றையும் இரவல் வாங்கி மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் என் புத்தி வேலை செய்யவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்த நேரம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு எதுவும் போய்விடக் கூடாதென்று, கேட்டில் போலீஸ் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்க்கும்.

மலாய்க்கார சார்ஜன் என் மூட்டையை மேசையில் கொட்டி, சவுரியைத் தூக்கிப் பிடித்தார். காட்டிலிருந்து யாரை வேஷம் மாற்றிக் கூட்டிப்போகப் பார்க்கிறாய் என்று தோட்டத் தமிழில் கேட்டார். சந்தேகத்தில் கொண்டுபோனவர்கள் மாதக்கணக்கில் வீடு திரும்பாத காலம். என் மனைவி நிறைமாதம். நான் அவசர அவசரமாகத் தொப்பியையும் குடையையும் மூட்டைக்குள் திணிக்கப் பார்த்தேன். அதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. லாரியில் ஏறச் சொன்னார்.

அந்த நேரம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பினார்கள். அக்காவுக்கு ஒரே பார்வையில் விஷயம் புரிந்தது.

"தொவான், அது எங்க சாமான் லா!" என்றார் சார்ஜனிடம்.

மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினார். கைப்பையை முழங்கையில் தொங்கவிட்டு, சார்ஜனின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, பால் கறை படிந்த காலைத் தூக்கிக் கால்மேல் போட்டார். முகவாயில் ஒரு விரல் வேறு! மாதம் முழுக்கப் பழகியிருப்பார் போல.

"நீ என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிற? தொப்பியப் போடு!"

சத்தம் கேட்டு வந்திருந்த ஆயாம்மா தொப்பி வைத்து, குடை விரித்து, துரையம்மாள் நடை நடந்து, ஒரு போலீஸ்காரரைப் பார்த்து, "டீ கொண்டா!" என்றார். மற்ற போலீஸ்காரர்கள் திரும்பி நின்று சிரித்தார்கள்.

சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. "எடு, பார்க்கிறேன்" என்றார் என்னிடம்.

கேமராவை முக்காலியில் ஏற்றினேன். கறுப்புத் துணிக்குள் தலை போனதும் பழைய நிம்மதி வந்தது. ஒன்று, இரண்டு எடுத்தேன். "பொறு தம்பி, ராணி இன்னும் வரல!" என்று அக்கா கத்த, சீவு உடைக்கு மேலேயே சரிகைப் புடவையைச் சுற்றிக்கொண்டு மூன்றாமவர் வந்தார். சவுரியைத் தேடினார். அது இன்னும் சார்ஜன் கையில் இருந்தது. அவரே எடுத்து நீட்டினார். அப்போதுதான் அவர் மீசை அசைந்தது.

எனக்கு மகள் பிறந்த பிறகு படங்களைக் கொண்டுபோனேன். அக்கா தன் படத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இவளத்தான்டா கார்டுல ஒட்டியிருக்கணும்" என்றார்.

இப்போதும் என் கேமரா முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும், சிரிக்கச் சொல்வதற்கு முன், எப்படி இருக்க ஆசை என்று கேட்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குக் கூச்சம் வருவதில்லை.